யூரின் டியூப் பெரிசா இருந்தா நல்லதா?

பட்டிப்பொல ரயில் நிலையம் ஏறக்குறைய 6,200 அடி உயரத்தில் இருக்கிறது. இலங்கையில் இதைவிட உயரமான நிலையம் கிடையாது. இந்த உயரத்துக் குளிரில் வயசான ஆண்கள் ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து வெளியே போய்வருவது தோட்ட லயங்களில் பழகிப்போன விஷயம். ஒருநாள் சிறுநீர் அடியோடு நின்று அடிவயிறு கல்லாக வீங்கினால், நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். அங்கே டியூப் போட்டு, பையை மாட்டி அனுப்புவார்கள். அந்த டியூபோடு சில நம்பிக்கைகளும் வீட்டுக்கு வந்து சேர்கின்றன.

“குளிர்தான் அடைத்துவிட்டது” என்பது முதலாவது. இதில் பாதி உண்மை உண்டு. குளிரில் சிறுநீர் கூடுதலாகச் சுரக்கும். ஆனால் அடைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வயதோடு வீங்கிய புரோஸ்டேட் சுரப்பி. சளிக்கென்று கடையில் வாங்கிப் போடும் சில மாத்திரைகள் சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கி அடைப்பை முழுமையாக்கிவிடும். டொக்டர் கேட்காவிட்டாலும் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

“டியூபைச் சுற்றி ஒழுகுது, பெரிசாப் போடச் சொல்லுங்க.” வீட்டுக்காரர்கள் அதிகம் கேட்பது இதைத்தான், அதிகம் தப்பாகப் போவதும் இங்கேதான். ஒழுகுவதற்கு டியூப் சிறிதாக இருப்பது அபூர்வமாகவே காரணம். டியூப் நழுவாமல் பிடித்துக்கொள்ள உள்ளே கிடக்கும் பலூன் உறுத்த, சிறுநீர்ப்பை சுருங்கித் தள்ளுகிறது. மலச்சிக்கலும் டியூப் அடைப்பும் இதே வேலையைச் செய்யும். டியூபின் அளவு எண்ணை மூன்றால் வகுத்தால் அதன் விட்டம் மில்லிமீற்றரில் கிடைக்கும்: 12 என்றால் 4, 18 என்றால் 6. பெரியவர்களுக்கு வழக்கமாக 12 முதல் 16 வரை போதும். இரத்தக்கட்டி வரும் ஆட்களுக்குத்தான் அதைவிடப் பெரியது தேவை. மற்றவர்களுக்குப் பெரிய டியூப் போட்டால் உறுத்தலும் புண்ணும்தான் கூடும்.

உறுத்தலுக்கு டியூபின் அமைப்பும் ஒரு காரணம். அமெரிக்க டொக்டர் பிரடெரிக் ஃபோலி 1930களில் உருவாக்கிய பலூன் டியூப்தான் இன்றைக்கும் பெரிய மாற்றமில்லாமல் ஓடுகிறது. (காப்புரிமை வேறொருவருக்குப் போனது, பெயர் மட்டும் ஃபோலிக்கு நிலைத்தது.) அதன் நுனி பலூனுக்கு மேலே நீட்டிக்கொண்டு சிறுநீர்ப்பையின் சுவரில் குத்துகிறது. துளைகள் பலூனுக்கு மேலே இருப்பதால் அடியில் கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கும், கிருமிக்கு அது போதும். சில நேரம் சிறுநீர்ப்பையின் உட்தோலே துளைக்குள் இழுபட்டுக் காயமாகும். நுனியைப் பலூனாலேயே மூடுவது, துளையைக் கீழே இறக்குவது என்று புதிய வடிவமைப்புகள் இந்தக் குறைகளைத்தான் குறிவைக்கின்றன.

விலை கூடிய பூச்சு போட்ட டியூப் கிருமியைத் தடுக்குமா? பிரித்தானியாவில் 24 ஆஸ்பத்திரிகளில் 7,000க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2012இல் லான்செட் இதழில் வந்தது. குறுகிய காலத்துக்குப் போடும் டியூபில் வெள்ளிப் பூச்சால் குறிப்பிடும்படியான பலன் இல்லை. கிருமிநாசினி ஊறவைத்த மற்றொரு வகையில் பலன் சொற்பம், எரிச்சல் அதிகம். இதற்காகக் கடன்பட்டுக் கொழும்பில் டியூப் வாங்கத் தேவையில்லை.

“சிறுநீரில் கிருமி இருக்காம், மருந்து எழுதுங்க” என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி தொற்றும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதத்தில் அநேகமாக எல்லோருக்கும் கிருமி இருக்கும். காய்ச்சல், நடுக்கம், இடுப்பு வலி, திடீர்க் குழப்பம் எதுவும் இல்லாவிட்டால் பொதுவாக அன்டிபயோடிக் வேண்டியதில்லை. கொடுத்தால், மருந்துக்கு மசியாத கிருமிதான் மிஞ்சும்.

பை நிறையக்கூடாதென்று தண்ணீரைக் குறைப்பவர்கள் மலைநாட்டில் அதிகம், குளிரில் தாகமும் எடுக்காது. சிறுநீர் கெட்டியானால் உப்புப் படிந்து குழாய் அடைபடும். இதய நோய், சிறுநீரக நோய்க்காரர்கள் மட்டும் அளவை டொக்டரிடம் கேட்க வேண்டும்.

பஸ்ஸில் பார்க்கலாம்: பையைச் சொப்பிங் பைக்குள் மறைத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். வெட்கம் புரிகிறது. ஆனால் பை சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய சிறுநீர் திரும்ப ஓடும். தரையிலும் படக்கூடாது. டியூபைத் தொடையில் பட்டியால் கட்டிவிட்டால் இழுபடாது. பலூனில் தண்ணீர் இருக்கும்போது குழப்பத்தில் பிடுங்கிவிட்டால் சிறுநீர் வழி கிழிந்துபோகும்.

“ஒருக்காப் போட்டா சாகும்வரைக்கும்தான்” என்பதும் சரியில்லை. புரோஸ்டேட் அடைப்பு வந்த பலருக்கு டாம்சுலோசின் போன்ற மருந்தைத் தொடங்கிய சில நாட்களில் டியூபை எடுத்துப் பார்க்கிறார்கள், கணிசமானவர்கள் தாங்களாகவே சிறுநீர் கழிக்கிறார்கள். முடியாதவர்களில் கைப்பழக்கம் உள்ளவர்கள் தேவைப்படும்போது மட்டும் தாங்களே டியூபைச் செலுத்தி எடுக்கலாம். அதற்குச் சுத்தமான கை போதுமென்று ஜாக் லாபிடஸ் 1972இலேயே காட்டினார். ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு ஒரு கேள்வியையும் கொண்டுபோகலாம்: “ஐயா, இதை எப்ப எடுப்பீங்க?”