ராணி எழுதிய நோட்டு

பெங்களூரில் யஷ்வந்த்பூர் மார்க்கெட் இருக்கிறது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம். அங்கே சரக்கு கொண்டுவரும் லாரி ஓட்டுநர் ஒருவர். அவர் பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். வயது 46. மனைவி பெயர் ராணி. ஒரு மகள்.

செல்வம் படுத்தால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அவ்வளவு குறட்டை. "உழைச்ச உடம்பு. அசந்து தூங்குறான்" என்பார் அவருடைய அம்மா. ராணியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஆனால் காலையில் எழுந்தால் செல்வத்துக்குத் தலை வலிக்கும். வாய் காய்ந்து கிடக்கும். இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவார். பகலில் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குவார். சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். இரத்தக் கொதிப்புக்கு இரண்டு வகை மாத்திரை சாப்பிட்டார். கொதிப்பு குறையவே இல்லை.

ஒரு நாள் புனேப் பக்கமிருந்து வெங்காயம் ஏற்றி வந்தார். ஹிரியூரைத் தாண்டி லாரி வந்துகொண்டிருந்தது. பகல் 11 மணி. நல்ல வெயில்.

"அண்ணே! அண்ணே!"

கிளீனர் பையன் அலறினான். செல்வம் கண்ணைத் திறந்தார். லாரியின் இடது சக்கரங்கள் ரோட்டை விட்டு மண்ணில் ஓடிக்கொண்டிருந்தன. முன்னால் ஓர் ஆட்டு மந்தை. ஆட்டுக்காரர் கம்போடு ஓரமாகத் தாவினார். எப்படியோ லாரி நின்றது. யார் மேலும் படவில்லை.

இதை முதலாளியிடம் அவர் சொல்லவில்லை. ராணியிடமே இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்.

"முந்தின ராத்திரி முழிச்சீங்களா?" என்று ராணி கேட்டாள்.

"இல்ல. எட்டு மணி நேரம் படுத்தேன். ஆனா தூங்கின மாதிரியே இல்ல."

அன்று இரவு ராணி தூங்கவில்லை. சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். செல்வத்தின் குறட்டை ஏறிக்கொண்டே போனது. திடீரென்று நின்றது. சத்தமே இல்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை. மனசுக்குள் எண்ணினாள். 10... 15... 22. பிறகு 'கர்' என்று ஒரு திணறல். உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. மறுபடி குறட்டை.

மகளுடைய பழைய நோட்டை எடுத்தாள். ராணி எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. மூச்சு நின்ற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டாள். 12 மணியிலிருந்து 1 மணி வரை 31 கோடு. கீழே கோணல் எழுத்தில் எழுதினாள்: 'மூச்சு நிக்கிது. அவருக்குத் தெரியல.'

அரசு மருத்துவமனையில் டாக்டர் செல்வத்தைக் கேள்வி கேட்டார். "நல்லாத்தான் தூங்குறேன் டாக்டர்" என்றார் செல்வம். ராணி நோட்டை நீட்டினாள். டாக்டர் படித்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"தூங்குகிறவருக்கு இது தெரியாதம்மா. பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லிவிட்டீர்கள்" என்றார்.

இந்த நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய். இளநீர்க் கடையில் காகித ஸ்ட்ரா தருகிறார்களே, அது நனைந்து தொய்ந்தால் என்ன ஆகும்? உறிஞ்ச உறிஞ்ச ஒட்டிக்கொள்ளும். இளநீர் வராது. நம் தொண்டையும் அப்படித்தான். தூங்கும்போது தொண்டைத் தசை தளரும். நாக்கு பின்னால் சரியும். சிலருக்கு வழி முழுவதும் அடைத்துவிடும். 10 விநாடிக்கு மேல் மூச்சு நிற்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். உடனே மூளை பதறி ஆளை உசுப்பும். ஆள் திணறி மூச்சு வாங்குவார், மறுபடி தூங்கிவிடுவார். காலையில் ஒன்றும் நினைவிருக்காது.

இரவு முழுவதும் இப்படி உசுப்பினால் தூக்கம் எங்கே? இதயத்துக்கும் ஓய்வில்லை. அதனால்தான் இரத்தக் கொதிப்பு இறங்க மறுக்கிறது. வருடக்கணக்கில் விட்டுவிட்டால் இதய நோய் வரலாம். பக்கவாதமும் வரலாம். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடும்.

டாக்டர் டேப் வைத்துச் செல்வத்தின் கழுத்தை அளந்தார். 17 அங்குலம். "ஆண்களுக்குக் கழுத்து இவ்வளவு பருத்தால் கவனிக்க வேண்டும். குடிப்பீர்களா?" என்று கேட்டார். செல்வம் ராணியைப் பார்த்தார். படுப்பதற்கு முன் ஒரு குவார்ட்டர் உண்டு. சாராயம் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். தூக்க மாத்திரையும் அப்படிச் செய்யலாம். தூக்கம் சரியில்லை என்று கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போடுவது ஆபத்து.

குண்டானவருக்கு மட்டும்தான் வரும் என்று இல்லை. தாடை சிறுத்த ஒல்லியானவருக்கும் வரும். டான்சில் வீங்கிய குழந்தைக்கும் வரும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் வரும். பெண்கள் குறட்டை விடுவதை வெளியே சொல்வதில்லை. வெட்கம். அவர்களுக்காக நோட்டோடு விழித்திருப்பவர்களும் குறைவு.

"கோடு மட்டும் போதாது, பரிசோதனை வேண்டும்" என்றார் டாக்டர். செல்வம் ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தூங்கினார். தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டினார்கள். விரலில் ஒரு கிளிப். வலி இல்லை. பெங்களூர் நிமான்ஸ், டெல்லி எய்ம்ஸ் போன்ற பெரிய மருத்துவமனைகளில் இந்தச் சோதனை உண்டு. ஒரு மணி நேரத்துக்கு 5 தடவைக்குக் கீழே என்றால் பயமில்லை. 30-க்கு மேல் போனால் கடுமையான நோய். செல்வத்துக்கு 38.

"சரியாகும் வரை லாரி ஓட்டக் கூடாது" என்றார் டாக்டர்.

வீட்டில் அன்று சண்டை.

"முதலாளிகிட்ட சொன்னா வேலை போயிடும். வாடகை யார் கட்டுவா?"

"அந்த ஆட்டுக்காரர் வீட்டுக்கு யாருங்க பதில் சொல்வா?"

செல்வம் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் முதலாளியிடம் சொன்னார். மார்க்கெட்டில் மூட்டைக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. கூலி குறைவு. ராணி கூடுதலாக இரண்டு வீட்டில் வேலைக்குப் போனாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது சீபாப் என்ற இயந்திரம். ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1981-இல் இதை உலகுக்கு அறிவித்தார். இதில் வருவது ஆக்சிஜன் இல்லை. சாதாரணக் காற்றுதான். ஒரு குழாய் வழியாக மூக்கு மாஸ்க்குக்குள் காற்று அழுத்தமாக வரும். அந்த அழுத்தம் தொண்டையை ஒட்டவிடாது. விலை பல ஆயிரம். வாடகைக்கும் கிடைக்கும். செல்வம் முதலில் வாடகைக்குத்தான் எடுத்தார்.

முதல் இரவு அரை மணி நேரத்தில் பிடுங்கிப் போட்டார். "அப்பாவுக்குத் தும்பிக்கை!" என்று மகள் சிரித்தாள். அவருக்குக் கோபம். நர்ஸ் ஒரு வழி சொன்னார். பகலில் டி.வி. பார்க்கும்போது சும்மா மாட்டிப் பழக வேண்டும். காற்று கசிந்தால் பட்டையைச் சரிசெய்ய வேண்டும், ஆனால் இறுக்கிக் கட்டக் கூடாது. மாஸ்க்கைத் தினமும் லேசான சோப்பில் கழுவ வேண்டும். கரண்ட் போனால் மூச்சு முட்டுமா? மாஸ்க்கில் துளைகள் உண்டு. ஆனாலும் கழற்றிவிட வேண்டும்.

பழகப் பத்து நாள் ஆனது. பதினோராம் இரவு ராணிக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் சத்தமே இல்லை. பயந்து எழுந்து அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது.

தலைவலி போனது. குவார்ட்டரை விட்டார். ஒருக்களித்துப் படுத்தார். எடை மெல்லக் குறைந்தது. நூறு கிலோ இருப்பவர் பத்துக் கிலோ குறைத்தாலே இந்த நோயின் கடுமை குறையும். ஆனால் மறுபடி சோதிக்காமல் இயந்திரத்தை நிறுத்தக் கூடாது. கொதிப்பு மாத்திரையும் அப்படித்தான். டாக்டர்தான் குறைக்க வேண்டும். ஏதாவது ஆபரேஷனுக்குப் போனால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் இந்த நோயை முதலிலேயே சொல்ல வேண்டும்.

எத்தனை மணி நேரம் ஓடியது என்பது இயந்திரத்திலேயே பதிவாகும். இரண்டு மாதம் கழித்து டாக்டர் அதைப் பார்த்தார். பகல் தூக்கம் பற்றியும் கேட்டார். பிறகுதான் லாரி ஓட்டச் சம்மதித்தார்.

இப்போது லாரியில் ஒரு பை இருக்கிறது. இயந்திரத்தை லாரி பேட்டரியில் ஓட்ட அதற்கென்று கன்வர்ட்டர் உண்டு. விற்பவரிடம் கேட்டுச் சரியானதை வாங்க வேண்டும். தாபாவில் மற்ற டிரைவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருவர் மட்டும் ஓரமாக வந்து கேட்டார்: "அண்ணே, எனக்கும் வண்டி ஓட்டும்போது கண் சொக்குது. எங்க போய்க் காட்டணும்?"

எழுதிப் பாருங்கள்:
உங்கள் வீட்டில் குறட்டை விடுபவர் யார்? ஓர் இரவு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மூச்சு நின்றால், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்று எழுதுங்கள். அந்தத் தாளை டாக்டரிடம் கொடுங்கள்.