மாடு என்னும் செல்வம்

ஒரு மாலை தம்பிக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே கணக்கை மூன்றாந்தரமும் பிழைவிட்டான். “மாடு!” என்று ஏசிவிட்டேன். கொப்பியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அந்த வாரமே திருக்குறளின் கல்வி அதிகாரத்தை வாசித்தேன். அதன் கடைசிக் குறளான 400ஆவது குறளில் அதே சொல் இருந்தது. கல்வியே அழிவில்லாத செல்வம், மற்றவை செல்வமல்ல என்பது அதன் கருத்து. அங்கே ‘மாடு’ என்றால் செல்வம்.

விலங்கின் பெயர் செல்வத்துக்கு எப்படி வந்தது? பணம் பரவலாகப் புழங்காத காலத்தில் மந்தையே மனிதனின் சொத்து. பால், எரு, உழவு, வண்டி எல்லாம் மாட்டினால்தான். பகைவரின் ஆநிரையைக் கவர்வதை வெட்சி என்றும், மீட்பதைக் கரந்தை என்றும் புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கிறது. பிறமொழிகளிலும் இந்த உறவு உண்டு. அரபியில் செல்வத்தைக் குறிக்கும் ‘மால்’ என்ற சொல்லைப் பாலைநில அரபிகள் ஒட்டகங்களுக்கும் வழங்கினர். இலத்தீனில் பணத்தைக் குறிக்கும் ‘பெக்கூனியா’ கால்நடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

மாடு என்பதற்குப் பக்கம், இடம் என்ற பொருள்களும் உண்டு. எனவே செய்யுளில் இடம்பார்த்தே பொருள்கொள்ள வேண்டும். நெடில்தொடர்க் குற்றியலுகரமான இச்சொல், புணர்ச்சியில் டகரம் இரட்டித்து ‘மாட்டு’ என்றாகும்: மாடு + வண்டி = மாட்டுவண்டி. ‘சட்டையை மாட்டு’ என்பதிலுள்ள ‘மாட்டு’ வேறு, அது வினைச்சொல்.

இன்றைய பேச்சில் ஓயாமல் பாடுபடுபவர் ‘மாடாய் உழைக்கிறார்’. ஒரே வேலையையே சுற்றிவருபவர் ‘செக்குமாடு’. பாடம் விளங்காத பிள்ளை வெறும் ‘மாடு’. கல்வியின் உயர்வைச் சொல்ல வள்ளுவர் எடுத்த சொல்லை, படிக்கும் பிள்ளையை ஏசுவதற்கு நாம் எடுக்கிறோம்.

அல்குர்ஆனின் மிக நீண்ட ஸூராவின் பெயர் அல்பகரா. அதன் பொருளும் பசுமாடுதான். ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம், ஒருவரையொருவர் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதைத் தடுக்கிறது. நான் ஓதிய வசனம்தான். ஏசும்போது நினைவுக்கு வரவில்லை.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டு, சொல்லின் பழைய பொருளையும் சொன்னேன்.

“அப்ப ராத்தா என்ன செல்வம் எண்டா ஏசின?” என்று கேட்டான்.

“இல்ல, மாடு எண்டுதான் ஏசின. அது என்ட பிழை” என்றேன்.

பிறகு ஒரு பாணை நாலாக வெட்டி வைத்து அதே கணக்கைச் சொல்லிக் கொடுத்தேன். உடனே விளங்கிக்கொண்டான். முதல் மூன்று தரமும் நான் ஒரே மாதிரியே சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.