பிளஸ் டூவுக்குப் பிறகு யாரிடம் யோசனை கேட்பது?

கோடை வந்துவிட்டால் கோவையில் காந்திபுரத்திலிருந்து சரவணம்பட்டி வரை சத்தி ரோடு முழுக்க 'அட்மிஷன்' பேனர்கள்தான். பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளும் கீரணத்தம் ஐ.டி. பார்க்கும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால், "ஏனுங்க, எம் புள்ளைக்கு எது சரிப்பட்டு வருமுங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல நான்கு இடங்கள் உண்டு. நான்கும் ஒன்றல்ல.

பள்ளி

செலவில்லாத முதல் இடம். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டுதல் நடக்கிறது. 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும் உண்டு. பிள்ளையின் மார்க்கும் வீட்டு நிலவரமும் ஆசிரியருக்குத் தெரியும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குப் பொறியியல், மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மாணவிகளுக்குப் 'புதுமைப் பெண்', மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' என மாதம் 1,000 ரூபாய் உதவியும் உண்டு. இவற்றுக்கான சான்றுகளைப் பள்ளியில்தான் வாங்க வேண்டும். குறை: நூற்றுக்கணக்கானவர் நடுவே உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான்.

மாவட்ட வேலைவாய்ப்பு, தொழில்நெறி வழிகாட்டும் மையம்

பதிவு போட மட்டும்தான் அந்த ஆபீஸ் என்று பலர் நினைக்கிறார்கள். எந்தப் படிப்புக்கு என்ன வேலை என்ற ஆலோசனையும், போட்டித் தேர்வுக்குத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சியும் அங்கே இலவசம். ஐ.டி.ஐ., அப்ரெண்டிஸ், அரசு வேலை பற்றி யோசிப்பவருக்கு இதுவே பொருத்தம். பம்பு, மோட்டார், ஃபவுண்டரி நிறைந்த கோவையில் ஐ.டி.ஐ. இளக்காரமான படிப்பல்ல. குறை: இந்தக் கல்லூரியா அந்தக் கல்லூரியா என்பதற்கு இங்கே விடை கிடைக்காது.

தனியார் ஆலோசகர்

ஆப்டிட்யூட் டெஸ்ட் வைத்து, பிள்ளையிடம் தனியாக உட்கார்ந்து பேசுவார்கள். அப்பா ஒன்று சொல்ல, பிள்ளை வேறு கேட்கும் வீட்டில் இந்தப் பேச்சு உதவும். ஆனால் இத்தொழிலுக்கென்று தனிச் சான்றிதழ் கட்டாயமில்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். பீஸ் வாங்குபவரைவிட 'ஆலோசனை இலவசம்' என்பவரிடம்தான் கூடுதல் கவனம் தேவை: சீட்டுக்கு இவ்வளவு என்று கல்லூரியிடம் கமிஷன் வாங்குபவர்களும் அவர்களில் உண்டு.

கல்விக் கண்காட்சி

ஒரே நாளில் பல கல்லூரிகளின் பாடப்பிரிவு, ஹாஸ்டல், பஸ் கட்டணங்களை ஒப்பிடலாம். கருத்தரங்கில் கேள்வியும் கேட்கலாம். ஆனால் ஸ்டாலில் நிற்பவர் அந்தக் கல்லூரியின் ஆள். தகவல் வாங்க மட்டும் போங்கள். அன்றே பணம் கட்ட வேண்டாம்.

யாருக்கு எது?

அரசுப் பள்ளி மாணவர்கள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள்: பள்ளி.
சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியவர்கள்: மாவட்ட மையம்.
எந்தப் பிரிவு பிடிக்கிறது என்றே தெரியாதவர்கள்: கமிஷன் வாங்காத ஆலோசகர்.
பிரிவு முடிவாகி, கல்லூரி மட்டும் தேடுபவர்கள்: கண்காட்சி.

பொறியியல்தான் என்றால், கணிதத்தில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என 200-க்குக் கட் ஆஃப் கணக்கிட்டு, கடந்த ஆண்டு எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணில் நிறைந்தது என்று பாருங்கள். அரசுக் கலந்தாய்வு முடியும் முன் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

எங்கே போனாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "நாங்க சேர்ந்தா உங்களுக்கு யாருங்க பணம் தருவாங்க?" நேராகப் பதில் சொல்லாதவரிடம் பிள்ளையின் மார்க் ஷீட்டைக் கொடுக்காதீர்கள்.