மறக்கக் கூடாததும் மறக்க வேண்டியதும்: வீட்டுக்குச் சில குறிப்புகள்

விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் 'க்ருதஜ்ஞ:' என்று ஒரு திருநாமம் வருகிறது. செய்த நன்றியை அறிபவன் என்று பொருள். முடியும் தறுவாயில் 'க்ஷமிணாம் வர:', அதாவது பொறுப்பவர்களில் சிறந்தவன். பகவானுக்கு நாம் நன்றி சொல்வது இருக்கட்டும், ஒரு துளசி இலைக்கு அவனே நன்றி பாராட்டுகிறானாம்! இரண்டு பெயர்களையும் வாய் நிறையச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே அடுக்களையில் பழைய கணக்கைக் கிளறுகிறோம். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

1. எழுந்ததும் காலை ஊன்றுமுன் தரையைத் தொட்டு, மிதிக்கப் போவதைப் பொறுத்துக்கொள் என்று பூமாதேவியிடம் கேட்பது பழைய வழக்கம். முழங்கால் வலிக்காரர்கள் குனிய வேண்டாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மனசுக்குள் கேட்டாலே போதும். தலைசுற்றலும் வராது. பூமிக்கு 'க்ஷமா' என்றே ஒரு பெயர் உண்டு. தமிழிலும் சுமப்பது பொறை, பொறுப்பதும் பொறை.

2. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம் ஆகிய ஐந்து இடங்களில் நம்மை அறியாமல் சின்ன உயிர்களைக் கொல்கிறோம் என்று தர்ம சாஸ்திரம் கணக்கு வைத்திருக்கிறது. அதற்குப் பரிகாரமாகத்தான் தினசரி ஐந்து வேள்விகள். காக்கைக்குப் பிடி சோறும் வந்தவருக்குச் சாப்பாடும் அவற்றில் சேர்த்தி. இன்றைக்கு நாம் செய்யக்கூடியது: இரவே கேஸ் அடுப்பைத் துடைத்துவிடுங்கள். காலையில் பற்றவைக்குமுன் பர்னரைச் சுற்றி எறும்பு ஊர்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். வண்டு விழுந்த அரிசியை முறத்தில் பரப்பி நிழலில் வையுங்கள், வண்டு தானே ஊர்ந்து போய்விடும். கடும் வெயிலில் போட்டால் அரிசிதான் நொறுங்கும்.

3. தூரத்திலிருந்து திரௌபதி 'கோவிந்தா' என்று கூப்பிட்டாள். அந்தக் கடன் வட்டியேறிக் கிடக்கிறது, நெஞ்சைவிட்டுப் போகவில்லை என்று கண்ணன் சொல்வதாக மகாபாரதம் சொல்கிறது. நம் வீட்டில் பால் கணக்கு, சிலிண்டர் பதிந்த தேதி எல்லாம் மாத காலண்டரில் ஏறுகின்றன. யார் என்ன உதவி செய்தார்கள் என்பதையும் அதே கட்டத்தில் எழுதுங்கள். 'மாடி வீட்டம்மா, மழையில் துணி எடுத்து வைத்தார்.' இவ்வளவு போதும். மனத்தாங்கலை எழுதியே ஆக வேண்டும் என்றால் தினசரி காலண்டரில் எழுதுங்கள். மறுநாள் காலையில் கிழித்துப் போட்டுவிடுவோம்.

4. இது கொஞ்சம் கஷ்டமான குறிப்பு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்ற ஊர், கூரத்தாழ்வானின் ஊர். ராமானுஜரைக் காப்பாற்ற அவருடைய காவியை உடுத்திக்கொண்டு சோழன் சபைக்குப் போய்க் கண்களை இழந்தவர். அவரைக் காட்டிக்கொடுத்தவன் அவரிடமே பாடம் கேட்ட நாலூரான் என்கிறது குருபரம்பரை. பிறகு காஞ்சி வரதன் முன் துதி பாடி, என்ன வரம் வேண்டும் என்று கேட்கப்பட்டபோது ஆழ்வான் கண்ணைக் கேட்கவில்லை. தனக்குக் கிடைக்கப்போகும் நற்கதி நாலூரானுக்கும் வேண்டும் என்றார். ராமானுஜருக்கே அதில் வருத்தம்.

நம்மால் அவ்வளவு ஆகாது. சாயங்காலம் விளக்கேற்றும்போது, உங்களோடு பேசாமலிருக்கும் ஒருவர் பெயரைச் சொல்லி முதல் வேண்டுதலை வையுங்கள். ஒரே ஒருவர்தான், பட்டியல் வேண்டாம். என் நாத்தனாருக்கும் எனக்கும் மாமியாரின் பித்தளை அண்டா விஷயமாக இரண்டு வருஷம் பேச்சு இல்லை. முதல் நாலு நாள் அவள் பெயரைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன், தீக்குச்சிகூட ஒடிந்தது. ஒரு வாரம் கழித்து, அவளுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறதோ என்று தோன்றியது. நானே போன் போட்டேன். அண்டா இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

5. பொறுத்துக்கொள்வது என்றால் வாயை மூடிக்கொள்வது இல்லை. சீதை ராவணனிடம் அவன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னவள், ராமனோடு சிநேகம் செய்துகொள் என்று வழியும் காட்டினாள். அவளை மிரட்டிய ராட்சசிகளைக் கொல்ல அனுமன் அனுமதி கேட்டபோது, அரசன் ஏவியதைச் செய்தவர்கள் என்று தடுத்தாள். அதனால் விலையேற்றத்துக்காக சிலிண்டர் போடும் பையனிடம் கத்தாதீர்கள். கடன் வாங்கித் திருப்பாத உறவினரை மன்னிக்கலாம், ஆனால் மறுபடி கடன் கொடுக்க வேண்டும் என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை.

6. பூஜை முடிவில், மந்திரத்திலும் செய்கையிலும் வந்த பிழையைப் பொறுக்கச் சொல்லும் வரிகளை அவசரமாக விழுங்காதீர்கள். குக்கர் விசில் அடித்தால் அடிக்கட்டும். ஆண்டாளே திருப்பாவையின் 28வது பாசுரத்தில், உரிமையில் சின்னப் பேரிட்டுக் கூப்பிட்டதற்குக் கோபிக்காதே என்று கேட்டுக்கொள்கிறாள்.

7. ஆயுத பூஜையில் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைக்கும்போது காற்றுத் துளையிலும் சுவிட்சிலும் சந்தனம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைப்பத்துக்கும் பொட்டு உண்டு. அதைப் பிடிக்கிற கைக்கு முதல் தட்டுச் சுண்டல், ஆறுவதற்குள்.

8. தர்ப்பணத்தின் முடிவில், யாருமே இல்லாதவர்களுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். அமாவாசை அன்று, உறவு இல்லாமலே உங்களுக்குச் சோறு போட்ட ஒருவரை நினைத்து யாருக்காவது ஒரு வேளைச் சாப்பாடு கொடுங்கள்.

9. இரவல் வாங்கிய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பாதீர்கள். ஒரு பிடி அரிசி, இரண்டு வாழைப்பழம், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு ஸ்பூன் சர்க்கரை. தூக்குச்சட்டிக்கு இது சரி. அண்டாவுக்கு எவ்வளவு போட வேண்டும் என்பதை என் நாத்தனார்தான் சொல்ல வேண்டும்.