ஒரு நாடு எதனால் உயர்கிறது? டென்மார்க் தரும் பாடம்

ஒரு நாடு செல்வம் பெறுவதற்கும் மற்றொரு நாடு வறுமையில் உழல்வதற்கும் காரணம் யாது? மண்வளம் என்பர் சிலர். சுரங்கச் செல்வம் என்பர் சிலர். மூலதனம் என்பர் வேறு சிலர். இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும், நிலக்கரியும் இரும்பும் இல்லாத டென்மார்க், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிறு குடியானவரின் உழைப்பைக் கொண்டே உயர்ந்தது. அவ்வுயர்வுக்குக் கருவியாக அமைந்தது கூட்டுறவு. அக்கூட்டுறவு அங்கே வேரூன்றியது எதனால் என்பதை நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

1. வந்த நெருக்கடி

1864-இல் பிரஷ்யாவுடனும் ஆஸ்திரியாவுடனும் நிகழ்ந்த போரில் டென்மார்க் தோற்றது. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் முதலிய பகுதிகளை இழந்தது. அடுத்த துன்பம் சந்தையில் வந்தது. 1870-களில் அமெரிக்காவிலும் ருஷ்யாவிலும் விளைந்த மலிவான தானியம் இரயிலிலும் நீராவிக் கப்பலிலும் வந்து ஐரோப்பாவில் குவிந்தது. தானியம் விற்றுப் பிழைத்த டேனியக் குடியானவரின் வருவாய் குன்றியது.

ஜெர்மனி 1879-இல் இறக்குமதித் தானியத்தின்மீது சுங்கவரி விதித்துத் தன் விவசாயிகளைக் காக்க முனைந்தது. டென்மார்க் அவ்வழியைப் பின்பற்றவில்லை. மலிவான தானியத்தை வாங்கி, மாட்டுக்கும் பன்றிக்கும் தீனியாக்கி, வெண்ணெயையும் இறைச்சியையும் இங்கிலாந்துக்கு விற்பது என்னும் வழியை மேற்கொண்டது.

இவ்வழியில் ஒரு தடை இருந்தது. பெரும்பண்ணைகளின் வெண்ணெய் ஒரே தரமாக இருந்தமையால் நல்ல விலை பெற்றது. நான்கைந்து பசு வைத்திருந்தவரின் வெண்ணெயோ வீட்டுக்கு வீடு தரம் மாறுபட்டது. வியாபாரி கூறிய விலையே விலையாயிற்று. 1878-இல் பாலிலிருந்து பாலேட்டைப் பிரிக்கும் சுழல் இயந்திரம் வழக்கிற்கு வந்தது. பலருடைய பாலை ஒன்றாகக் கலந்து ஒரே தரமான வெண்ணெய் எடுப்பதற்கு அது வழி செய்தது. ஆனால் அதனைத் தனியொருவராக வாங்கும் வசதி சிறு குடியானவர்க்கு இல்லை.

2. யெடிங் கிராமத்தார் செய்தது

1882-இல் மேற்கு ஜட்லாந்தின் யெடிங் என்னும் சிற்றூரில் குடியானவர்கள் கூடி முதல் கூட்டுறவுப் பாற்பண்ணையை நிறுவினர். அதனைப் பின்பற்றி எழுந்த சங்கங்களின் அடிப்படை விதிகள் எளியவை. அங்கத்தினர் அனைவரும் கூட்டாகப் பொறுப்பேற்றுக் கடன் வாங்கினர். வீட்டுச் செலவுக்குப் போக மீந்த பால் முழுவதையும், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை, சங்கத்திற்கே அளிப்பதாக ஒப்பந்தம் செய்தனர். இலாபம் அவரவர் அளித்த பாலுக்கு ஏற்பப் பங்கிடப்பட்டது. வாக்கோ, பசுக்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அன்றி, பெரும்பாலான சங்கங்களில் ஆளுக்கு ஒன்றே.

வெண்ணெய் எடுத்தபின் எஞ்சிய பால் அங்கத்தினருக்கே திரும்பியது. அது பன்றித் தீனியாயிற்று. 1887-இல் ஜெர்மனி உயிருள்ள பன்றிகளின் இறக்குமதியைத் தடுத்தபோது டேனியர் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் ஹார்சன்ஸ் நகரில் கூட்டுறவு இறைச்சிச் சாலையை அமைத்து, பதப்படுத்திய இறைச்சியை இங்கிலாந்துக்கு அனுப்பினர். நூற்றாண்டு முடிவதற்குள் கூட்டுறவுப் பாற்பண்ணைகள் ஏறத்தாழ ஆயிரமாகப் பெருகின.

3. அளவும் நாணயமும்

தொடக்கத்தில் பாலின் எடைக்கே விலை கொடுக்கப்பட்டது. நல்ல பால் கொணர்ந்தவரும் நீர்த்த பால் கொணர்ந்தவரும் ஒரே விலை பெற்றால், நாணயமானவர்க்கே நட்டம். 1880-களில் ஃபியோர்டு என்னும் டேனிய அறிஞர், பலருடைய பாலின் கொழுப்பை ஒரே வேளையில் சோதிக்கும் கருவியை வகுத்தார். அதன்பின் கொழுப்பின் அளவே விலையை நிர்ணயித்தது. அண்டை வீட்டார் ஏமாற்றுகின்றாரோ என்னும் ஐயம் நீங்கியது. அங்கத்தினரின் ஒற்றுமை நல்லெண்ணத்தால் மட்டும் நிலைத்ததன்று. சரியான அளவையால் நிலைத்தது.

4. முன்னரே இட்ட அடித்தளம்

இவையெல்லாம் ஒரே நாளில் விளைந்தன அல்ல. குடியானவ ஆடவரைப் பிறந்த பண்ணையோடு பிணைத்திருந்த சட்டம் 1788-இல் நீக்கப்பட்டது. பின்னர்ப் பெரும்பாலோர் சொந்த நிலம் பெற்றனர். 1814-இல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. குருண்ட்விக் என்னும் சான்றோரின் கருத்தைத் தழுவி 1844-இல் முதல் மக்கள் உயர்நிலைப் பள்ளி தோன்றியது. தேர்வோ பட்டமோ அங்கில்லை. குடியானவ இளைஞர்கள் வரலாறு கற்றனர். கூடிப் பேசவும் வாதிடவும் பழகினர். கணக்கைப் படிக்கத் தெரிந்தவரும் பொதுக்குழுவில் எழுந்து வினவத் துணிந்தவரும் ஊர்தோறும் இருந்தமையால், சங்கம் ஒருசிலரின் உடைமையாகவில்லை. இங்கிலாந்தின் சந்தை அருகிலிருந்ததும் ஒரு பேறே. ஆயின் அதே சந்தை அயர்லாந்துக்கும் அருகிலேயே இருந்தது.

5. அயர்லாந்து

அயர்லாந்து பசும்புல் நிறைந்த நாடு. வெண்ணெய் வாணிகத்தில் டென்மார்க்கை விட மூத்தது. ஹோரேஸ் பிளங்கெட் என்னும் பெரியாரின் முயற்சியால் 1889-இல் அங்கும் கூட்டுறவுப் பாற்பண்ணை தோன்றியது. எனினும் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. நில உரிமைப் பூசல் இன்னும் தீரவில்லை. தனியார் பாற்பண்ணைகள் ஆசை காட்டி அங்கத்தினரை இழுத்தன. பாலைச் சங்கத்திற்கே தருதல் வேண்டும் என்னும் விதி வழக்கு மன்றம் ஏறியது. ஒரு சங்கத்தின் விதி, குழுவின் இசைவின்றி அங்கத்தினர் விலகவும் இயலாதவாறு அமைந்திருந்தமையால், 1919-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அதனைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. கட்டுப்பாடு வேண்டும், அக்கட்டுப்பாட்டுக்குக் கால எல்லையும் வேண்டும். இரண்டையும் அங்கத்தினர் மனமார ஏற்றல் வேண்டும்.

6. நாம் கொள்ள வேண்டுவது

நம் நாட்டுக் கூட்டுறவும் ஐரோப்பியப் படிப்பினையிலிருந்தே தொடங்கியது. சென்னை அரசாங்கத்தின் பணிப்பில் ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பிய நாணயச் சங்கங்களை ஆராய்ந்து 1895, 1897 ஆண்டுகளில் அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் கிராமச் சங்கங்களைத் தோற்றுவித்த ரைஃபைசனைப் போன்ற மனிதரைக் கண்டறிக என்பதே அவர் முடிவாக வற்புறுத்தியது. 1904-இல் சட்டம் வந்தது. சட்டம் சங்கத்தைப் பதிவு செய்யும். அதற்கு உயிரூட்டுவோர் அங்கத்தினரே.

சங்கத்தில் நூல் பெற்று நெய்து, விலை ஏறிய மாதத்தில் துணியை வெளி வியாபாரிக்கு விற்று, விலை இறங்கிய மாதத்தில் மட்டும் சங்கத்தை நாடுவோர் உண்டு. நல்ல காயை மண்டிக்கு அனுப்பி, கழிவைச் சங்கத்திற்குக் கொணர்வோரும் உண்டு. அன்று கிடைக்கும் சில ரூபாய் ஆதாயம் போலத் தோன்றும். ஆனால் நல்ல சரக்கை இழந்த சங்கம் நல்ல விலையையும் இழக்கும். சங்கம் நலிந்தபின் வியாபாரி கூறுவதே மீண்டும் விலையாகும். அங்கத்தினர்மீது மட்டும் குறை கூறுவதும் நீதியன்று. துணியின் நீள அகலமும் இழை நெருக்கமும் அனைவர் முன்னிலையிலும் ஒரே முறையில் சோதிக்கப்படாத சங்கத்தில், திறமையாக நெய்பவர் ஏன் நிலைத்திருப்பார்?

உரிமை, கல்வி, நேர்மையான அளவை, ஏற்ற சொல்லைக் காத்தல் ஆகிய நான்கும் சேர்ந்த இடத்தில், பொருள் குறைந்திருந்தாலும் வளர்ச்சி தங்கும்.

அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆராய்வதற்கு:

1. நம் சங்கத்தில் தரம் பிரிக்கும் முறையை எல்லா அங்கத்தினரும் நேரில் கண்டதுண்டா?

2. சரக்கைச் சங்கத்திற்கே தருவது பற்றி நாம் ஏற்ற விதி யாது? அதன் கால எல்லை யாது?

3. ஐந்தொகையைத் தாமே படித்து வினவக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்? அத்தொகையை ஓராண்டில் இருமடங்காக்க யாது செய்யலாம்?