வேலைக்கு முன்பணமா?

கேள்வி: வீட்டிலிருந்தே ஆன்லைனில் டைப்பிங் வேலை, பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் என்கிறார்கள். சேரலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் சகோதரி. வேலை தருகிறவர் முன்பணம் கேட்டாலே அது மோசடிதான். இன்னொரு வகையும் உண்டு. வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி முதலில் நூறு, இருநூறு அனுப்புவார்கள். நம்பிக்கை வந்ததும் ‘பிரீமியம் டாஸ்க்’ என்று ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்லி, வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள்.

ஆங்கிலமும் நன்றாக வருமென்றால் மொழிபெயர்ப்பு, சப்டைட்டில் வேலைகளை அப்வொர்க், ஃபைவர் தளங்களில் தேடலாம். அவை கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். முதல் வேலை கிடைக்கவே மாதங்கள் ஆகலாம். தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜூமில் டியூஷன் எடுப்பது இதைவிடச் சீக்கிரம் கைகொடுக்கும் என்பது என் எண்ணம். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், தயங்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.