வறண்ட பூமிக்கு மரம் தெரிந்தெடுத்தல்

மழை குறைந்தும் வெயில் மிகுந்தும் உள்ள பிரதேசங்களில் மரம் வைப்பதற்குப் பயிர் வைப்பதைக் காட்டிலும் அதிக யோசனை வேண்டும். பயிர் தவறினால் ஒரு போகம் நஷ்டம். அடுத்த வருஷம் வேறு தானியம் விதைத்துக் கொள்ளலாம். மரம் தவறினாலோ அதன் விளைவை இரண்டு தலைமுறையார் அனுபவிக்க வேண்டியிருக்கும். மேய்ச்சல் தரையிலும், நீர்நிலையின் கரையிலும், சாலையோரத்திலும் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரால் வைக்கப்படும் மரம் ஊர் முழுவதையும் கட்டுப்படுத்துவது. ஆகையால், கன்று வாங்கப் பணம் ஒதுக்குமுன் எந்தக் குணங்களைப் பார்த்து மரத்தைத் தெரிந்தெடுப்பது என்பதைச் சங்க அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம். இதைக் கற்பதற்கு ராஜஸ்தானத்தின் மேற்கிலுள்ள தார் பாலைவனத்தைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை.

தார் பிரதேசத்தின் சீதோஷ்ணம்

ஜைசல்மேரில் வருஷத்துக்குச் சராசரி 8 அங்குலம் மழைதான் பெய்கிறது. ஜோத்பூரில் ஏறக்குறைய 14 அங்குலம். இதில் பெரும்பங்கு ஜூலை முதல் செப்டம்பர் வரையில் சில நாட்களிலேயே பெய்து தீர்ந்துவிடும். 2016-ஆம் வருஷம் மே மாதம் 19-ஆம் தேதி பலோதி என்னும் ஊரில் வெப்பம் 51 டிகிரி செல்ஸியஸை எட்டியது. கோடையில் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று மணலை வாரிக் கொண்டு வருகிறது. குளிர்காலத்தில் சில இரவுகள் உறைபனியும் உண்டு. பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. இவற்றோடு ஆடு, மாடு, ஒட்டகங்களின் வாய்க்கும் இளங்கன்று தப்ப வேண்டும். எனவே வெயிலை மட்டும் தாங்கும் மரம் அங்கே போதாது. வறட்சி, காற்று, பனி, உப்பு, கால்நடை ஆகிய மற்ற ஐந்தையும் அது தாங்க வேண்டும்.

மரம் தண்ணீரைச் செட்டாக நடத்தும் விதம்

மரம் வேரால் குடித்த ஜலத்தை இலைகளின் வழியே ஆவியாக விடுகிறது. இலை பெரிதாகவும் மெல்லியதாகவும் இருந்தால் செலவு அதிகம். வரவு குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவது போலவே பாலைவனத்து மரங்களும் செய்கின்றன. சில மரங்களின் இலைகள் மிகச் சிறியவை. இலந்தை கடுங்கோடையில் இலைகளை உதிர்த்துவிட்டு உறங்குகிறது. மழை வந்ததும் தழைத்துக் குளிர்காலத்தில் பழுக்கிறது. கேர் என்னும் முட்புதரில் இலைகள் இல்லையென்றே சொல்லலாம்; பசிய தண்டுகளே இலையின் வேலையைச் செய்கின்றன.

செலவைச் சுருக்கினால் மட்டும் போதாது. வரவுக்கும் வழி வேண்டும். பாலைவனத்து மரம் முதல் சில வருஷங்களில் மேலே வளர்வதைவிடக் கீழே அதிகமாக வளர்கிறது. இரண்டு வருஷமாகியும் கன்று முழங்கால் உயரமே இருக்கிறதென்று பலர் சலிப்படைகிறார்கள். அந்தச் சமயத்தில்தான் ஆணிவேர் ஈரத்தைத் தேடி ஆழத்துக்குச் சென்று கொண்டிருக்கிறது. மேலே விரைவாகத் தெரியும் பசுமையைக் கொண்டு மரத்தை மதிப்பிடுவோர் ஏமாந்து போவதற்கு இதுவே காரணம்.

வன்னி மரம்

இந்தக் குணங்கள் யாவும் ஒருங்கே அமைந்தது வன்னி. ராஜஸ்தானத்தில் இதற்குக் கேஜ்டி என்று பெயர். 1983-ஆம் வருஷத்தில் இது அந்த ராஜ்யத்தின் மரமாக அறிவிக்கப்பட்டது. இதன் ஆணிவேர் 60 அடிக்கும் கீழே செல்வதுண்டு. ஆகவே மேல்மண்ணின் ஈரத்துக்காகப் பயிரோடு அதிகமாகப் போட்டியிடுவதில்லை. மற்ற மரங்கள் வாடும் கோடையிலே இது புதுத் தளிர் விடும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரமாதலால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிறது. வன்னியின் கீழ்க் கம்பும் பயறு வகைகளும் நன்றாக விளைவதை அங்குள்ள விவசாயிகள் நெடுங்காலமாக அறிந்து, உழும்போது வன்னிக் கன்றுகளை ஒதுக்கிவிட்டு உழுதார்கள். பச்சைக் காயைப் பறித்து உலர்த்திச் சாங்கரி என்னும் கறிக்குப் பயன்படுத்துகிறார்கள். தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம். கிளை விறகாகிறது, முள் வேலியாகிறது.

இம்மரத்தின் அருமையை ஜனங்கள் எவ்வளவு உணர்ந்திருந்தனர் என்பதற்கு ஒரு சரித்திரச் சான்று உண்டு. 1730-ஆம் வருஷம் ஜோத்பூர் மன்னரின் ஆட்கள் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டிக் கேஜட்லி கிராமத்து வன்னிகளை வெட்ட வந்தார்கள். அம்ருதா தேவி என்னும் பிஷ்ணோய் வகுப்புப் பெண்மணி மரத்தைத் தழுவி நின்று உயிர் கொடுத்தார். அவரைத் தொடர்ந்து உயிர் நீத்தவர்களையும் சேர்த்து 363 பேர் என்பர். பஞ்ச காலத்தில் மனிதருக்குக் காயும் கால்நடைக்குத் தழையும் தந்த மரத்தை அவர்கள் குடும்பத்தில் ஒருவராகவே எண்ணினார்கள்.

ஆயினும் வன்னிக்கும் ஆபத்துகள் உண்டு. அண்மைக் காலத்தில் பல இடங்களில் முதிர்ந்த வன்னிகள் பட்டுப் போகின்றன. வேரைத் துளைக்கும் வண்டும், வேரழுகச் செய்யும் காளானும், வருஷந்தோறும் மிச்சமின்றிக் கழிப்பதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. டிராக்டர் உழவில் இளங்கன்றுகள் அழிவதால் பட்ட மரத்தின் இடத்துக்கு வேறு மரம் வருவதில்லை. கிளைகளை முழுவதும் கழித்த மரம் அந்த வருஷம் காய்ப்பதில்லை. ஆகையால் உச்சிப் பகுதியை விட்டுவைத்துக் கழிப்பதே முறை.

மற்ற நல்ல மரங்கள்

ரோஹிடா: செம்மஞ்சள் நிறத்தில் அழகாகப் பூப்பது, இதன் பூ ராஜஸ்தானத்தின் ராஜ்ய மலர். மெதுவாக வளரும். மரம் தேக்கைப் போல் மதிக்கப்பட்டுச் சாமான்கள் செய்ய உதவுகிறது. வீட்டு முகப்புக்கும் சாலைக்கும் ஏற்றது.

இலந்தை: கோலா, சேப் முதலிய ஜாதிகளை நாட்டு இலந்தைக் கன்றின்மேல் மொட்டுக்கட்டி வைத்தால் வறண்ட நிலத்திலும் விற்பனைக்குரிய பழம் கிடைக்கும்.

நறுவிலி: கூந்தா என்று அங்கு அழைக்கப்படுவது. அடர்ந்த இலையுள்ளதாதலால் தோட்டத்தைச் சுற்றிக் காற்றுத் தடுப்பாக உதவும். காய் ஊறுகாய்க்காகும்.

உகா: உவர் நிலத்தைத் தாங்குவது. மற்ற மரம் பிழைக்காத உப்புத் தரைக்கு இதை நினைக்க வேண்டும்.

வேம்பு: நிழலுக்கு நிகரில்லை. ஆனால் வருஷத்துக்கு 16 அங்குலத்துக்குக் குறைந்த மழையுள்ள இடத்தில் மழைநீரைத் தேக்கி உதவ வேண்டும். இளங்கன்று உறைபனியில் கருகும்.

அன்னிய மரமெல்லாம் தீது என்பதில்லை. 1958-இல் இஸ்ரேலிலிருந்து வந்த ஒரு வேல் இனம், ஓடும் மணற்குன்றுகளை நிறுத்த மிகவும் உதவிற்று. 1952-இல் ஜோத்பூரில் ஏற்பட்ட பாலைவன மரம் வளர்ப்பு நிலையம், 1959-இல் மத்திய வறண்டநில ஆராய்ச்சி ஸ்தாபனமாக வளர்ந்தது. குன்றின்மேல் முதலில் சருகு முட்களை வரிசையாகப் புதைத்துக் காற்றின் வேகத்தை அடக்கிப் பிறகு கன்றும் புல்லும் வைக்கும் முறையை அங்குள்ள நிபுணர்கள் வகுத்தார்கள்.

அவசரத் தேர்வின் விளைவு

வறண்ட தேசத்தில் மிக விரைவாகப் பரவிய மரம் தார் பிரதேசத்தில் விலாயதி பபூல் எனவும், தமிழ்நாட்டில் சீமைக் கருவேலம் எனவும் வழங்குகிறது. இரண்டு பெயர்களும் அது கடல் கடந்து வந்ததையே குறிக்கின்றன. 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை தருவிக்கப்பட்டு, அக்காலத்துச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த கடப்பை ஜில்லாவில் கமலாபுரத்தில் வைக்கப்பட்டது. 1940-இல் ஜோத்பூர் சமஸ்தானம் இதை ராஜ விருக்ஷமென்று பிரகடனம் செய்து பாதுகாத்தது. அன்று விறகுப் பஞ்சம் இருந்தது. இம்மரம் தண்ணீரில்லாமலே வளர்ந்தது. ஆடு அதன் இலையைத் தீண்டவில்லை. தெரிந்தெடுத்தவர்கள் பார்த்த குணங்கள் இவையே.

அவர்கள் பாராத குணங்கள் பிற்பாடு வெளிப்பட்டன. கால்நடை இனிய காயைத் தின்று விதையைச் சாணத்தோடு எங்கும் விதைத்தது. வெட்டினால் அடியிலிருந்து பல கிளைகள் தழைத்தன. அதன் அடியில் புல் முளைப்பது அருகிற்று. கட்ச் பிரதேசத்தின் பன்னிப் புல்வெளியில் 1961-ஐ ஒட்டி வைக்கப்பட்டது, பின்னர் அப்புல்வெளியின் பெரும் பகுதியை மூடிவிட்டது. ராமநாதபுரம் ஜில்லாவில் ஜைசல்மேரைப் போல் நான்கு மடங்கு, அதாவது ஏறக்குறைய 32 அங்குலம் மழை பெய்தும், கண்மாய்களின் உட்புறமும் தரிசுகளும் இதே மரத்தால் அடைந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-இல் அன்னியப் படர் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையையே வெளியிட வேண்டியதாயிற்று. விருத்தாசலம் ஆலயத்தில் தல விருக்ஷமாக நிற்கும் வன்னி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. அருகிலிருந்த மரம் மெதுவாக வளர்கிறதென்று மறக்கப்பட்டது.

எனினும் ஏழைக் குடும்பங்கள் பல சீமைக் கருவேல விறகையும் கரியையும் விற்றே பிழைக்கின்றன. ஒரே வருஷத்தில் அனைத்தையும் அழித்தால் அவர்களுக்கு அடுப்பும் இல்லை, கூலியும் இல்லை. பகுதி பகுதியாக வேரோடு அகற்றி, அகற்றிய இடத்தில் உடனே நல்ல கன்று வைத்துக் காப்பதே உசிதம். வெறுமனே விட்ட தரையில் பழைய விதையே மறுபடியும் முளைக்கும்.

இடத்துக்கேற்ற மரம்

வீட்டுக்கு மேற்கே நிழல்மரம் வைத்தால் பிற்பகல் வெயில் சுவரைச் சுடாது. காற்றுத் தடுப்பு வரிசை, காற்று வரும் திசைக்குக் குறுக்கே அமைய வேண்டும். வெளிப்புறம் புதர், நடுவில் உயர்ந்த மரம் என அமைப்பது நன்று. அத்தகைய வரிசை தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரையில் பயிருக்குப் பாதுகாப்புத் தரும். ஆல், அரசு போன்ற பரந்த வேருள்ள மரங்களைக் கிணற்றுக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் அருகில் வைக்கலாகாது. வயலில் வன்னிக்கு 30 அடிக்குக் குறையாத இடைவெளி விடுதல் நலம்.

நடும் முறை

கோடையிலேயே 2 அடி நீள, அகல, ஆழமுள்ள குழி தோண்டி ஆறப் போட வேண்டும். மேல்மண்ணோடு மக்கிய எருவும் குளத்து வண்டலும் கலந்து நிரப்பி, நிலம் நனையும் முதல் மழைக்குப் பின் கன்றை வைக்க வேண்டும். பையில் வேர் சுருண்டிருந்தால் அச்சுருளை வெட்டிவிட வேண்டும். சுருண்ட வேர் ஆழத்துக்குச் செல்லாது. வேப்பம்விதை இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும் சக்தியை இழப்பதால், பழுத்தவுடன் விதைப்பது முக்கியம்.

சரிவான நிலத்தில் கன்றின் கீழ்ப்புறத்தில் பிறை வடிவாக ஒரு கரை போட வேண்டும். 100 சதுர அடி நிலத்தில் 1 அங்குலம் மழை பெய்தால் விழும் ஜலம் ஏறக்குறைய 236 லிட்டர். அதில் பாதியே மரத்தடிக்கு வந்தாலும் 10 குடம் தண்ணீர் செலவின்றிக் கிடைக்கும். கோடையில் கன்றின் அருகே மெருகிடாத மண்குடத்தைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடி வைத்தால், ஈரம் கசிந்து வேருக்குச் சேரும். தினந்தோறும் கொஞ்சம் ஊற்றுவதைவிடப் பல நாட்களுக்கு ஒரு முறை ஆழமாக ஊற்றுவதே மேல். மேலோட்டமாக ஊற்றினால் வேரும் மேலேயே தங்கிவிடும். முள் வேலியின்றி ஒரு கன்றும் வைக்கலாகாது.

சங்கம் செய்ய வேண்டியவை

மரம் நடு விழாவில் எத்தனை கன்று நட்டார்கள் என்பதையே பெரும்பாலும் பேசுகிறார்கள். சங்கத்தின் பதிவேட்டில் நட்ட கணக்கோடு பிழைத்த கணக்கும் இருக்க வேண்டும். முதல் கோடை கழித்தும் மூன்றாம் கோடை கழித்தும் எண்ணி எழுத வேண்டும். ஆயிரம் கன்று நட்டு ஐம்பது பிழைப்பதினும், நூறு நட்டு எண்பதைப் பிழைக்க வைப்பது சிறந்தது. தழை கழிப்பவர் யார், காய் பறிப்பவர் யார், விறகு யாருக்கு என்பவற்றை நடுமுன்னரே தீர்மானமாக எழுதி விட்டால் பின்னால் வழக்கு உண்டாகாது.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. ஊரின் சராசரி மழை எவ்வளவு? உப்பு நீருள்ள இடங்கள் எவை?

2. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மரங்கள் ஊரில் எவை? தண்ணீர் ஊற்றாமல் அவை நிலைத்தது எப்படி?

3. வைக்க உத்தேசிக்கும் மரத்தின் விதையைக் கால்நடை பரப்புமா? அடியில் புல் வளருமா? வேண்டாமென்றால் அதை அகற்ற இயலுமா?

4. நாற்பது வருஷம் கழித்து அம்மரத்தின் நிழலில் உட்காருவோருக்கு அது என்ன தரும்?

இந்நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிய பிறகு கன்று வாங்கப் பணம் கொடுக்கும் சங்கம் பிற்பாடு வருந்த நேரிடாது.